பாதியில் நிற்கும் குளிசை

மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் தரப்படும் குளிசைகளை நோயாளர் பலர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். இதைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வரும் சொல் 'அசட்டை'. அந்தச் சொல்லைச் சொன்னதோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. நிறுத்தியவருக்கு அருகில் அமர்ந்து, எந்தக் கிழமை நிறுத்தினீர்கள், அதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்டால் வேறொன்று புலப்படும். முதற் கிழமையில் நிறுத்தியவரின் காரணம் ஒன்று. மூன்றாம் மாதத்தில் நிறுத்தியவரின் காரணம் மற்றொன்று. ஓராண்டு உட்கொண்டபின் நிறுத்தியவரிடம் முற்றிலும் வேறான ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயங்களை அவை எழும் வரிசையிலேயே எடுத்து விளக்க முயல்கிறேன். விரைந்து படித்தால் பயன் குறையும். பொறுமையோடு கூட வாருங்கள்.

வல்வெட்டித்துறையை முன்வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் உள்ள அது கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, ஊர் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். இப்படித் துணிவுக்குப் பெயர்பெற்ற ஊரில், நடுத்தர வயது ஆண் ஒருவர் 'எனக்குப் பயமாய் இருக்கு' என்று வாய்திறந்து சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே ஊர் 1987 மே மாதத்தில் தொடங்கிய வடமராட்சிப் படை நடவடிக்கையைக் கண்டது. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையினரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் அங்கே கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியது. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஆய்வொன்று 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டோரில் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. அறிகுறி இருப்பவர் எல்லாருக்கும் குளிசை தேவை என்று கொள்ளக்கூடாது. ஆயினும் மருந்து தேவைப்பட்டவர் தொகை சிறிதாக இருந்திருக்க முடியாது.

இனி நோயிலிருந்து தொடங்குவோம். பதகளித்தல் என்பது நமது பேச்சில் வாழும் சொல். நெஞ்சு பதைத்து, கைகால் ஓடாமல், நிற்கவும் இருக்கவும் முடியாமல் அந்தரிக்கும் நிலை அது. அந்நிலை காரணமின்றித் திடீரெனத் தாக்கி, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, மெல்லத் தணிந்து, பின்னர் எப்போது திரும்ப வருமோ என்ற அச்சத்தையும் விட்டுச்செல்லுமாயின் அதனை மருத்துவர் பீதி நோய் என்பர். நோயாளியின் வாயில் அது வேறு பெயர்களோடு வருகிறது: நெஞ்சிடிக்குது, மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு, கை விறைக்குது, தலை சுத்துது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர், நம்மவர் மனத்துயரை உடம்பின் மொழியிலேயே சொல்கின்றனர் என்பதைத் தம் எழுத்துகளில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பெருமூச்சு அவர் குறித்த அத்தகைய ஓர் அறிகுறி.

இவ்விடத்திலேயே முதல் நிறுத்தத்தின் வேர் இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊறணி வைத்தியசாலைக்கு ஓடியவர், அங்கிருந்து மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார். ஈசிஜி எடுக்கிறார்கள். இரத்தம் சோதிக்கிறார்கள். 'உங்களுக்கு ஒண்டும் இல்லை' என்கிறார்கள். அவருக்கோ எல்லாம் இருக்கிறது. சற்றுமுன் சாவைக் கண்டு வந்திருக்கிறார். அந்தச் சொல்லின் பின் உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டும், அங்கே ஒரு குளிசையும் தரப்பட்டால், இது வேறு யாருக்கோ உரிய மருந்து, எனக்கு உரியதன்று என்றே அவர் எண்ணுவார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மருந்து கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை நோயாளி நன்றாகவே உணர்கிறார். இருதயம் நலமாக இருக்கிறது, அதற்கு ஆணையிடும் அச்சப் பொறிமுறைதான் காரணமின்றி எழுந்துவிடுகிறது, இந்தக் குளிசை அதைத் தணிப்பதற்கு என்று இரண்டு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால் குளிசை இருந்த கடதாசி உறை பிரிக்கப்பட்டிருக்கும். சொல்லப்படாதபோது அது அலமாரிச் சாமிப்படத்தின் பின்னால் செருகப்படுகிறது.

உறையைப் பிரித்து உட்கொள்ளத் தொடங்கியவரிடம் அடுத்து வருவோம். இம்மருந்துகளுக்கு ஓர் இயல்பு உண்டு; அதை அறியாதவர் முதல் இரண்டு கிழமைக்குள் நிறுத்துவது ஏறத்தாழ நிச்சயம். புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை மூளை நரம்புகளுக்கிடையே செரொற்றொனின் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. அந்தத் தடை முதற் குளிசையோடே தொடங்கிவிடுகிறது. ஆனால் நரம்புக் கலங்கள் அந்த மாற்றத்துக்கு ஏற்பத் தம்மை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளும்போதே மனம் தேறுகிறது. அதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். பீதி நோயில் இன்னும் சற்றுக் கூடலாம். பக்கவிளைவுகளோ இவ்வளவு காத்திருப்பதில்லை. குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம், உடம்பு நிலைகொள்ளாத தன்மை ஆகியவை முதல் நாட்களிலேயே வரும். ஆக, நோயாளி முதலில் சந்திப்பது தொல்லை. பயன் பின்னர் வருகிறது. தலையிடிக்குப் பனடோல் போட்டு அரைமணியில் சுகம் கண்ட அனுபவத்தால் மருந்தை அளப்பவருக்கு இந்த ஒழுங்கு தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பீதி நோய் உள்ளவருக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் சேர்கிறது. அவர் ஏற்கெனவே தம் நாடித் துடிப்பை ஓயாமல் கவனித்துக்கொண்டிருப்பவர். குளிசை தரும் சிறு படபடப்பு, அவர் அஞ்சும் தாக்குதலின் முன்னோடியைப் போலவே இருக்கிறது. 'குளிசை போட்டாப் பிறகுதான் கூடிப்போச்சு' என்று அவர் சொன்னால் அது பொய்யன்று. உடம்பில் உண்மையில் நிகழ்ந்ததையே சொல்கிறார். இதனாலேயே பீதி நோய்க்கு வழக்கமான தொடக்க அளவில் பாதியையே முதலில் கொடுப்பது நல்ல மருத்துவ வழக்கு. சேர்ட்ரலின் ஆயின் 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு கிழமை கழித்து 50 ஆக்குவர். முதல் நாட்களில் படபடப்புச் சற்றுக் கூடலாம், அது தானாகவே தணியும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அது வரும்போது நோயாளி அஞ்சாமல் பொறுத்துக்கொள்கிறார். இளையவர் விடயத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட சிலரிடம் முதற் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அக்காலத்தில் வீட்டார் நெருங்கிக் கவனிக்க வேண்டும். அத்தகைய பேச்சு ஏதும் எழுந்தால் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒரு பழைய வரலாறு இங்கே பெரிதும் உதவும். 1957 இல் சுவிற்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். அதன்பின் அமெரிக்காவில் டொனால்ட் கிளைன் என்ற உளமருத்துவர், கடும் பதகளிப்பால் விடுதியில் தங்கியிருந்தோருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். மூன்று கிழமையாகியும் ஒரு பயனும் இல்லை என்றே நோயாளர் கூறினர். விடுதித் தாதியர் வேறு செய்தி சொன்னார்கள்: முன்னெல்லாம் 'நான் சாகப்போகிறேன்' என்று தங்களிடம் ஓடிவந்துகொண்டிருந்தவர்கள் இப்போது ஓடிவருவதில்லை! தாக்குதல்கள் நின்றுவிட்டன; அவை வருமோ என்ற முன்னச்சம் மட்டும் நிற்கவில்லை. நோயாளர் அந்த முன்னச்சத்தைக் கொண்டே மருந்தை அளந்தனர். நம்மூரிலும் இதுவே நடக்கிறது. ஒரு மாதமாகத் தாக்குதல் எதுவும் வரவில்லை. ஆயினும் பஸ்ஸில் ஏற, சந்தைக்குப் போக, கோயிற் கூட்டத்துள் நுழைய இன்னும் மனம் துணியவில்லை. 'மருந்து வேலை செய்யேல்லை' என்று நிறுத்துகிறார். மருந்து தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சிய பங்கு, அஞ்சிய இடங்களுக்கு மெல்ல மெல்லத் திரும்பிச் சென்று பழகும் பயிற்சிக்கு உரியது. அப்பயிற்சியைத் தரும் உளவளத்துணையாளர் இல்லாத இடத்தில் குளிசை தன்னால் இயலாத வேலைக்கும் பழி சுமக்கிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, வேகமாக வேலை செய்யும் குளிசை. டயசிப்பாம், அல்பிரசோலாம் வகையைச் சேர்ந்தவை அரைமணிக்குள் நெஞ்சைத் தணிக்கும். பெரும்பாலும் இரண்டு வகையும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. வேகக் குளிசை சில கிழமைகளுக்கு மட்டும், மெதுவான குளிசை பல மாதங்களுக்கு. நோயாளி எதை விரும்புவார்? உடனே சுகம் தருவதை. அதனால், நிறுத்தவேண்டிய வேகக் குளிசையைப் பாமசியில் தேடித்தேடி வாங்கித் தொடர்கிறார். தொடரவேண்டிய மெதுவான குளிசையை விட்டுவிடுகிறார். இன்னொரு கேடும் இதனால் விளைகிறது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை உண்மையில் வேகக் குளிசைக்கு உரியது. அதற்கு எழுந்த கெட்ட பெயர் மற்றக் குளிசைக்கும் ஒட்டிவிடுகிறது. ஒரே துண்டில் எழுதப்பட்ட இரண்டு மருந்துகளுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு என்பதை எழுதும்போதே சொல்லாமல் விடுவது, என் கணிப்பில், இவ்விடயத்தில் நிகழும் பெருந்தவறுகளுள் ஒன்று.

சொல்லப்படாத பக்கவிளைவுகளுக்கு இப்போது வருவோம். கிளினிக் காலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். கொப்பிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, வாங்கு நிறைய ஆட்கள், கதவு முழுதாய்ச் சாத்தப்படவில்லை, உள்ளே இன்னொரு நோயாளியும் நிற்கிறார். 'அம்மா, இப்ப எப்பிடி?' என்று மருத்துவர் கேட்கிறார். 'பரவாயில்லை டொக்டர்.' அவ்வளவுதான். 'அதே மருந்து' என்று கொப்பியில் எழுதப்படுகிறது. அந்தப் 'பரவாயில்லை' எத்தனையோ விடயங்களை மூடிவிடுகிறது. இவ்வகை மருந்துகள் தாம்பத்திய ஆசையையும் ஆற்றலையும் குறைப்பது அரிதன்று. இளம் கணவன் ஒருவர் இதை யாரிடம் சொல்வார்? மனைவி யாரிடம் சொல்வார்? சொல்லாமல் குளிசையை விட்டுவிடுவதே அவர்களுக்கு எளிய வழி. மருத்துவர் தாமாகவே, 'இந்தக் குளிசை சிலருக்கு இப்படிச் செய்யும், உங்களுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா' என்று கேட்டால்தான் இது வெளிவரும். வெளிவந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

தொழிலும் இதில் சேர்கிறது. அமிற்றிரிப்ரிலின் போன்ற பழைய மருந்துகள் மலிவானவை, பயனுள்ளவை. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், தூக்கம் அழுத்தும். இரவு படுக்கும்போது எடுக்கவும் என்று உறையில் எழுதியிருக்கிறது. இரவு படுப்பவருக்கு அது சரி. பின்னேரம் வலையோடு கடலுக்கு இறங்கி விடியற்காலை கரைதிரும்புபவர் அதை எப்போது எடுப்பது? கடலில் கண் அயர்ந்தால் போவது உயிர். ஆகவே தொழிலுக்குப் போகும் நாட்களில் அவர் குளிசையை விடுகிறார், போகாத நாட்களில் போடுகிறார். இந்த ஒழுங்கின்மையால் பயன் காணாமல் முடிவில் முற்றாகவே விடுகிறார். இது அசட்டையா? தம் உயிரையும் படகில் உள்ள மற்றவர் உயிரையும் காக்க அவர் எடுத்த தீர்மானம் இது. வேலை என்ன, எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்ற ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் தூக்கம் தராத மருந்தொன்றைக் காலையில் எடுக்கச் செய்திருக்கலாம்.

அடுத்த அடுக்கு எல்லாவற்றிலும் வியப்பானது: சுகம் வந்ததால் நிறுத்துதல். பெல்ஜியத்தின் கொன் டெமிற்றனேயர் குழுவினர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்துக்குள் நிறுத்திவிட்டனர். நிறுத்தியவர் சொன்ன காரணங்களில் முதலிடம் பெற்றது 'எனக்குச் சுகமாகிவிட்டது' என்பதே. பக்கவிளைவு அதற்குப் பின்னரே வந்தது. செல்வம் மிக்க நாடுகளில் இது வேறாக இருக்கும் என்று எண்ணவும் வேண்டாம். அமெரிக்கக் குடும்பங்களிடம் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து மார்க் ஓல்ஃப்சன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட கட்டுரையின்படி 42.4 வீதமானோர் முதல் முப்பது நாட்களிலேயே நிறுத்தினர். ஆகவே இதை வடமராட்சியாரின் அறியாமை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

சுகம் வந்தபின் மருந்து எதற்கு என்ற கேள்வி நேர்மையானது. காய்ச்சல் விட்டபின் குளிசை போடுவாரில்லை. ஆனால் மனச்சோர்வு விலகிய முதல் மாதங்களில் அது திரும்புவதற்கான வாய்ப்பு மிகுதி. 2003 இல் லான்செற் சஞ்சிகையில் ஜோன் கெடஸ் குழுவினர் முப்பத்தொரு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 வீதமானோருக்கும் வெற்றுக் குளிசைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 வீதமானோருக்கும் நோய் திரும்பியது. சுகம் வந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்ற வழக்கு இத்தகைய சான்றுகளில் நிலைகொண்டது. பீதி நோயில் ஓராண்டளவும் தொடரச் சொல்வர். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குளிசை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் என்று கொள்வோர் பலர், அது பிழை.

அச்சத்தால் நிறுத்துவோர் இன்னொரு வகையினர். 'பழகிப்போனா விடேலாது', 'சூட்டுக் குளிசை, ஈரலைத் தாக்கும்', 'உதைப் போட்டா மனுசன் விசராப் போடுவான்' என்று அயலவர் அன்போடு எச்சரிக்கின்றனர். இந்த அச்சம் முழுவதும் பொய் என்று சொல்லிவிடலாகாது. அப்படிச் சொன்ன மருத்துவ உலகம் நம்பிக்கையை இழந்திருக்கிறது. இம்மருந்துகள் போதையைத் தருவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் உடம்பு அதை உணரும்: தலைசுற்று, எரிச்சல், கொடுங்கனவு, தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற ஒரு வெட்டு. 2024 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 வீதமானோருக்கு இத்தகைய அறிகுறிகள் தோன்றின. வெற்றுக் குளிசையை நிறுத்தியவர்களிலும் 17 வீதமானோர் அவ்வாறே சொன்னார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முப்பத்தைந்தில் ஒருவர் அளவே.

பீதி நோயாளிக்கு இந்த அறிகுறிகள் இருமடங்கு குழப்பம் தருவன. குளிசையை விட்ட மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்தால் 'நோய் திரும்பிவிட்டது' என்றோ 'மருந்துக்கு அடிமையாகிவிட்டேன்' என்றோ அவர் முடிவுகட்டுகிறார். பிரித்தறிய ஓரளவு வழி உண்டு. சில நாட்களுக்குள் வந்து, முன்பு இல்லாத உணர்வுகளையும் கொண்டுவந்து, ஒரு குளிசை போட்டதும் விரைவில் தணிவது பெரும்பாலும் நிறுத்தலின் விளைவு. கிழமைகள் கழித்து மெல்ல ஏறி வருவது நோயின் மீள்வருகையாக இருக்கலாம். மருந்துக்கு மருந்து இது வேறுபடும். புளுஒக்செற்றினும் அதிலிருந்து உடம்பில் உருவாகும் பொருளும் பல நாள் தங்குவதால் ஓரிரு நாள் தவறினால் பெரிதாகத் தெரியாது. வென்லபக்சின் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருப்பவர் குளிசையையும் சேர்த்து விடும்போது, இந்த இரண்டு மருந்துகளை எடுப்போருக்கும் ஒரே அனுபவம் வராததன் காரணம் இதுவே. விரதம் இருக்க விரும்புபவர் முன்கூட்டிக் கேட்டால் வழி சொல்லப்படும். தண்ணீரோடு ஒரு குளிசை விழுங்குவதை முருகன் குற்றமாகக் கொள்ளமாட்டான் என்று கோயிற் குருக்களே சொல்வாராயின் அதைவிடச் சிறந்த மருத்துவ ஆலோசனை இல்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் மருந்தைப் பற்றியவை. இன்னும் ஆழத்தில், துயரத்தின் பொருள் பற்றிய காரணம் ஒன்று இருக்கிறது. 'குளிசை போட்டாப் போன பிள்ளை வருமோ?' என்று கேட்கும் தாய்க்கு முன்னால் மருத்துவம் சற்றுத் தலைகுனிய வேண்டும். காணாமற்போன பிள்ளை இறந்தானா, இருக்கிறானா என்றே தெரியாதவளுக்குத் துக்கத்தை முடித்துவைக்கும் சடங்குகூட இல்லை. அவள் அழுகையே அவனுக்கு அவள் செய்யும் ஒரே கடன். குளிசை அந்த அழுகையைக் குறைத்தால், அவனை மறந்துவிட்டதாக அவள் உணர்கிறாள்; குற்றவுணர்வோடு நிறுத்துகிறாள். சிலருக்கு இம்மருந்துகள் உணர்ச்சிகளை மரக்கச் செய்வதும் உண்மை. இந்தக் காரணத்துக்கு அளவைக் கூட்டிப் பதில் சொல்பவர் அவள் சொன்னதைக் கேட்கவேயில்லை. குளிசை நினைவை அழிக்காது. நித்திரையையும், ஒரு பிடி சோறு உண்ணும் விருப்பத்தையும், அவனைத் தேடி அடுத்த அலுவலகத்துக்கு ஏறி இறங்கும் வலுவையும் திருப்பித் தரக்கூடும். அவளுக்குச் சொல்லத்தக்கது அவ்வளவே. எஞ்சியதை நீதியும், உடன் அமரும் மனிதருமே தரமுடியும். 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களின் தேவை இவ்விடத்தில்தான் எழுந்தது. பழகிய மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் முதலிய நம் மரபு வழிகளைச் சிகிச்சையோடு இணைக்கவேண்டும் என்று சோமசுந்தரம் வற்புறுத்தியதும் இதனாலேயே. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் ஒரு பகல் முழுதும் இருந்து வருபவர் குளிசையைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

குடும்பமும் ஊரும் தரும் அழுத்தத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வாசகர் நன்கறிந்தது. 'விசர்க் குளிசை' என்ற ஒரு சொல் போதும். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் குளிசை உறை கண்ணில் படக்கூடாது. மணமானபின் புகுந்த வீட்டில் மறைத்து எடுக்கமுடியாமல் பெண் நிறுத்துகிறாள்; கருவுற்றதும் யாரையும் கேளாமலே நிறுத்துபவரும் உளர், கேட்டிருந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஏற்ற முடிவொன்றை எடுத்திருக்கலாம். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து உறவினர் கொண்டுவரும் குளிசைகள் வேறு வணிகப் பெயரில், வேறு அளவில் வந்து கிளினிக் மருந்தோடு கலக்கின்றன. முடிந்ததும் தொடர வழியில்லை. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் ஒரு நாள் கூலி இலவசமில்லை. இம்முறை வெள்ளைக் குளிசை, அடுத்த முறை மஞ்சள். மருந்து ஒன்றே, நிறுவனம் வேறு என்று யாரும் சொல்லாவிட்டால் 'மாத்திக் குடுத்திட்டாங்கள்' என்ற ஐயம் எழும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அத்தகைய காலத்தில் நிறுத்தியவர் தாமாக நிறுத்தியவர் அல்லர். மருந்துதான் அவரைக் கைவிட்டது.

அப்படியானால் நிறுத்தவே கூடாதா? கூடும். 2021 இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், நெடுங்காலம் மருந்தெடுத்து நலமாயிருந்தவர்களுள் படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 வீதமானோருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 வீதமானோருக்குத் திரும்பியது. நிறுத்தியவர்களில் 44 வீதமானோர் நலமாகவே இருந்தனர் என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. வாழ்நாள் முழுதும் என்ற சொல்லை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிப் பயமுறுத்துவது சரியன்று. பலமுறை நோய் திரும்பியவருக்கு நீண்டகாலம் வேண்டும், முதன்முறை நோயுற்றுத் தேறியவருக்கு அவ்வாறன்று. நிறுத்தும் முறையே முக்கியம். மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகியோர் 2019 இல் எழுதிய கட்டுரை, சிறிய அளவு குளிசைகூட மூளையில் பெரிய விளைவை உண்டாக்குவதால், கடைசிக் குறைப்புகளே உடம்புக்கு மிகப் பாரமானவை என்று விளக்கியது. நடுக்கடலில் வேகமாக வந்த படகும் கற்பாறை நிறைந்த கரையை அணுகும்போது மெதுவாகத்தான் வரவேண்டும். குளிசையின் கடைசி மில்லிகிராம்களும் அப்படியே. பாதியாக்கி, சில கிழமை பார்த்து, கால்பங்காக்கி, மீண்டும் பார்த்து, அதன்பின்னும் சிறுசிறு படிகளாக இறங்க வேண்டியவர் இருப்பர். குடும்பத்தில் மரணம், வெளிநாட்டுப் பயணம், பரீட்சை போன்ற காலங்களை இதற்குத் தெரிவுசெய்யலாகாது.

1995 இல் அமெரிக்காவில் எலிசபெத் லின் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றில், மருந்து தொடங்கும்போதே சில எளிய செய்திகளைச் சொல்லப்பெற்ற நோயாளர் முதல் மாதத்தில் மருந்தைக் கூடுதலாகத் தொடர்ந்தனர்: நாள்தோறும் எடுங்கள், பயன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும், சுகமானாலும் தொடருங்கள், கேளாமல் நிறுத்தாதீர்கள், ஐயம் வந்தால் இன்னாரிடம் கேளுங்கள். புதிய கருவி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நெரிசல் மிகுந்த கிளினிக்கில் மருத்துவரால் தர இயலாதாயின் தாதி தரலாம், மருந்தாளர் தரலாம், உளநலப் பணியாளர் வீட்டுக்கு வந்து தரலாம்.

இதைப் படிப்பவர்களுள் குளிசையை ஏற்கெனவே நிறுத்திவிட்டவரும், அடுத்த கிளினிக்கில் ஏச்சு விழும் என்று அஞ்சி அங்கே போகாமல் இருப்பவரும் இருக்கக்கூடும். அவரிடம் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய குளிசைகளை உறையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நாள் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை, வெட்கப்படும் காரணமாயினும், உள்ளபடி சொல்லுங்கள். இனி எடுக்க விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வேறு வழி கேட்பது உங்கள் உரிமை. அதுவரை பொறுக்க முடியாத துயரமோ, உயிரை மாய்க்கும் எண்ணமோ வந்தால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அன்றே போங்கள்.